நோயாளர் படகுக்கான அஞ்சலோட்டம்

நெடுந்தீவுக்கு நோயாளர் படகு வந்துவிட்டது என்ற செய்தியில் ஒரு பொய்யும் இல்லை. படகு நெடுந்தீவுக்கு வரவில்லை என்பது மட்டும்தான் அதிலிருந்த சிறு குறை.

கனடாவில் இருக்கும் நெடுந்தீவுச் சனம் சேர்ந்து வாங்கி அனுப்பிய படகு அது. வெள்ளை நிறம். பக்கத்தில் ‘நெடுந்தீவு நோயாளர் சேவை’ என்று நீல எழுத்து. உள்ளே, ஆளைப் படுக்கவைத்துப் பட்டியால் கட்டக்கூடிய ஒரு படுக்கை. இப்படிப்பட்ட பெரிய பொருளைத் தனியாட்களின் கையில் கொடுக்கக்கூடாது, பதிவு செய்த அமைப்பு ஒன்றின் ஊடாகத்தான் கொடுக்கவேண்டும் என்று யாரோ புத்தி சொன்னார்கள். தேடியதில் பதிவு, இலச்சினை, தலைவர், போதாததற்குப் பல உபதலைவர்கள் என்று சகலதும் பொருந்திய அமைப்பாக அகப்பட்டது அனைத்துத் தீவக மெய்வல்லுநர் சம்மேளனம். படகு அதன் பொறுப்பில் நெடுந்தீவிலிருந்து கடல் தாண்டி அக்கரையில் இருக்கும் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்துசேர்ந்தது. வந்த அன்றே அதைத் தார்ப்பாயால் மூடிக் கட்டிவிட்டார்கள்.

பெயரில் ஓட்டமும் பாய்ச்சலும் பழகிய மெய்வல்லுநர் இருந்தாலும், சம்மேளனத்தின் ஆட்சிக்குழுவில் மேடைப்படி ஏறினால் மூச்சு வாங்காதவர் எவரும் இல்லை. அவர்களுடைய வல்லமை வேறு துறையில் இருந்தது. விழா நடத்துவதில் அவர்களை அடிக்க ஆளில்லை. அதற்கென்றே தலையில் அன்னம் வைத்த, ஆளுயரப் பித்தளைக் குத்துவிளக்கு ஒன்றைச் சொந்தமாக வைத்திருந்தார்கள். எந்த விழாவானாலும் விளக்குக்கு வாகனம் பிடித்த பிறகுதான் விருந்தினருக்கு வாகனம் பிடிப்பார்கள்.

படகைக் கேட்டுப் போனவன் யூட்சன். நெடுந்தீவில் மாடு வைத்திருப்பவன், பால் கொடுப்பவன். அவன் போனதற்குக் காரணம் இருந்தது. முதல் பிள்ளைக்கு அவன் மனைவி கம்சாயினிக்கு வலி வந்தபோது கடைசிப் பயணிகள் படகு போய்விட்டது. செபமாலை அண்ணையின் மீன்பிடி வள்ளத்தில்தான் கொண்டுபோனார்கள். பிள்ளை பாதிக் கடலில் பிறந்தது. குறிகட்டுவானைக் காணமுன்னமே போய்விட்டது. இப்போது கம்சாயினி மறுபடியும் பிள்ளை வயிற்றோடு இருந்தாள். படகு வந்துவிட்டதாம் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்துதான் அவள் இரவில் ஒழுங்காகத் தூங்கினாள்.

சம்மேளனத்தின் பொதுச்செயலாளர் பரராசசிங்கம் முன்னாள் பள்ளிக்கூட அதிபர். யூட்சனைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணியும் கொடுத்துத்தான் பேசினார்.

“படகு உங்கடைதான். அதிலை ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் நீர் யோசிச்சுப் பாரும். கேட்ட உடனை தூக்கித் தந்தால் அந்தப் பொருளுக்கு ஒரு மரியாதை இருக்குமோ? படகு நிக்குதெண்டு தெரிஞ்சால் சனத்துக்குச் சும்மா சும்மா நோய் வருத்தம் வரும்.”

“அப்ப எப்ப ஐயா தருவியள்?”

“ஓடி எடுக்கவேணும்,” என்றார் பரராசசிங்கம். சம்மேளனம் ஏகமனதாகத் தீர்மானித்துவிட்டதாம். தீவுகளுக்கிடையில் ஓர் இரவு அஞ்சலோட்டம், ஒருவர் மாறி ஒருவர் கோலை வாங்கி ஓடுவது. பொழுதுபட்டதும் குறிகட்டுவானில் தொடங்கி, புங்குடுதீவு, வேலணை என்று பண்ணைப் பாலம் வரை போய்த் திரும்பி, ஊர்காவற்றுறையைத் தொட்டு, நாரந்தனை வழியாக விடியற்காலையில் மறுபடியும் குறிகட்டுவான். எந்தத் தீவின் அணி வெல்கிறதோ அந்தத் தீவுக்குப் படகு.

யூட்சனுக்கு ஒன்று விளங்கவில்லை. “வேலணைக்குப் படகு என்னத்துக்கு ஐயா? அவைக்கு வாசலிலை பஸ் நிக்குது.”

“அதுதான் தம்பி போட்டி. தேவை இருக்கிறவன் மட்டும் ஓடினால் அதுக்குப் பேர் போட்டி இல்லை, அவசரம்.”

யூட்சன் தேத்தண்ணியைக் குடித்து முடித்து, ஊருக்குத் திரும்பி ஆட்களைச் சேர்த்தான். பட்டி கலைந்த மாட்டை வெளியெங்கும் துரத்தித் திரிந்தவன் என்பதால் ஓடுவது அவனுக்குப் புதிதில்லை. அணியில் உண்மையான ஓட்டக்காரன் கம்சாயினியின் தம்பி விதுசன்தான். பள்ளிக்கூட நாளிலேயே மாகாண மட்டத்தில் ஓடியவன். படித்து முடித்து வேலை கிடைக்காமல், சம்மேளனத்தின் விழாக்களில் கதிரை அடுக்கப் போய்வந்துகொண்டிருந்தான். பெரிய மனிதரோடு பழகினால் ஏதாவது வழி பிறக்கும் என்று நம்பினான். அதில் ஒரு பிழையும் சொல்ல முடியாது, இங்கே எல்லோரும் அப்படித்தான் நம்புகிறார்கள்.

புறப்படும் அன்று விதுசன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். “அக்கா, நீ ஒண்டுக்கும் யோசியாதை. கடைசி ஓட்டம் நான்தான். கோல் என்ரை கையிலை வந்தால் பிறகு ஒருத்தராலும் பறிக்க ஏலாது. படகை எங்கடை மாவிலித்துறையிலை கொண்டுவந்து கட்டுறது என்ரை பொறுப்பு.”

கம்சாயினி சிரித்தாள். அவள் சிரித்து எவ்வளவோ நாளாகியிருந்தது. அதற்காகவே அன்று யூட்சனுக்கு மைத்துனனைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. கட்டிப்பிடித்தும்விட்டான்.

ஓட்டம் தொடங்கும் முன் பரராசசிங்கம் விதிகளை வாசித்தார். ஓடுவதைப் பற்றி அதில் அதிகம் இல்லை. ‘ஒளி கைமாறாமல் கோல் கைமாறலாகாது’ என்பது முதல் விதி. அதாவது, கோல் மாற்றும் ஒவ்வோர் இடத்திலும் விருந்தினர்கள் குத்துவிளக்கை ஏற்றவேண்டும். ஏற்றி முடித்த பிறகுதான் ஓடி வந்தவன் அடுத்தவனிடம் கோலைக் கொடுக்கலாம்.

அது சோளகக் காற்று அடிக்கும் காலம். குறிகட்டுவானில் அந்த மாதத்தில் தொப்பிகூடத் தலையில் நிற்காது. பிரமுகர்கள் ஐந்து பேர் ஐந்து திரியையும் ஏற்ற முயன்றார்கள். ஒன்று பற்றும்போது மற்றது அணைந்தது. குடைகள் வந்தன, குடைகள் மடிந்தன. அணிகளின் முதல் ஓட்டக்காரர்கள் கோட்டில் குனிந்தபடியே நின்று கால் மரத்துப் போனார்கள். கடைசியில் பரராசசிங்கம் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“மூன்று திரிகள் எரிகின்றன. இது அறுதிப் பெரும்பான்மை. ஓட்டம் ஆரம்பமாகலாம்!”

முதல் ஓட்டம் யூட்சனுடையது. காலில் சுருக்கென்று சூடு ஏறியதும் அவனுக்கு எல்லாம் மறந்துபோனது. ஓட ஓட மற்ற அணிகளின் காலடிச் சத்தம் பின்னால் தேய்ந்தது. இப்படியே போனால் படகு எங்களுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. அதில் சம்மேளனத்தின் உபதலைவர்களில் ஒருவர் இருந்தார்.

“தம்பி, கொஞ்சம் மெல்ல, ஆறுதலாய் ஓடும்.”

“ஏன் ஐயா?”

“விளக்கு பின்னுக்கு வருது.”

விளக்கு ஒன்றுதான் இருந்தது. அதைப் பட்டா வாகனத்தில் ஏற்றி, ஆடாமல் அசையாமல், அடுத்த இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வாகனம் பள்ளம் பார்த்து மெல்ல வந்தது. விளக்கை முந்துவது அதை அவமதிப்பதாகும் என்று உபதலைவர் விளங்கப்படுத்தினார். யூட்சன் மாட்டுக்குப் பின்னால் ஓடியிருக்கிறான். விளக்குக்குப் பின்னால் ஓடுவது அதுதான் முதல் தடவை. புங்குடுதீவுப் பாலத்தில் கோல் மாற்றும் இடத்துக்கு விளக்கு போய், அதன் பின்னால் அவன் போய்ச் சேர்ந்து, பிறகு விருந்தினர் வந்து, காற்றோடு மல்லுக்கட்டி முடிவதற்குள் எல்லா அணியும் வந்து வரிசையில் நின்றுகொண்டன. அவன் ஓடிச் சம்பாதித்த தூரமெல்லாம் அந்த இடத்திலேயே போயிற்று.

தன் ஓட்டம் முடிந்ததும் யூட்சன் செபமாலையோடு ஆட்டோவில் ஏறி மற்றவர்களின் பின்னால் போனான். செபமாலைதான் அணியின் முகாமையாளர். பிளாஸ்கில் தேத்தண்ணியும் ஒரு பை நிறைய வாழைப்பழமும் கொண்டுவந்திருந்தார்.

“இவங்கள் படகு தருவாங்களெண்டு நீ நம்பிறியோ?” என்று கேட்டார் செபமாலை.

“விதுசன் இருக்கிறான் அண்ணை.”

“ம்,” என்றார் செபமாலை. வாழைப்பழம் ஒன்றை உரித்து அவனிடம் கொடுத்தார்.

பண்ணைப் பாலத்தில் ஓட்டக்காரர்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்திய பொன்னாடையை விருந்தினரின் கண்பார்வை மறையுமுன் கழற்றினால் தண்டனைப் புள்ளி. விருந்தினர்கள் காரில் கூடவே வந்ததால் கண்பார்வை மறையவே இல்லை. நெடுந்தீவு அணியின் பெடியன் ஒருவன் பளபளக்கும் சால்வைக்குள் வெந்துகொண்டு அல்லைப்பிட்டி வரை ஓடினான். மண்கும்பானில் சம்மேளனத்தின் காலஞ்சென்ற ஸ்தாபகருக்கு மௌன அஞ்சலி செலுத்தப்பட்டது. மூச்சிரைக்க ஓடிவந்த நயினாதீவு அணிக்காரன் அஞ்சலியின் நடுவில் சத்தமாக மூச்சு விட்டுவிட்டான். அவனை மறுபடியும் பண்ணைக்கு அனுப்பி, அங்கிருந்து அடக்கமாக ஓடிவரச் சொன்னார்கள்.

ஊர்காவற்றுறையில் பரராசசிங்கம் உரையாற்றினார். எல்லா அணியும் நின்று கேட்டது.

“அன்பானவர்களே, வேகம் எமது பண்பாடு அல்ல. வேகமாக ஓடுகிறவன் தன்னை மட்டும் நினைக்கிறான். நாம் ஓடுபவர்களை எங்களோடு நிற்கப் பழக்குகிறோம். இந்தச் சம்மேளனம் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை நாம் ஓர் அடிகூட முன்னே வைத்ததில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்ள விரும்புகிறேன்.”

கைதட்டல் பலமாக இருந்தது. தூங்கி விழுந்துகொண்டிருந்தவர்கள் அதற்குத்தான் விழித்தார்கள்.

இத்தனைக்கும் பிறகு வேலணையில் கோல் விதுசனின் கைக்கு வந்தது. அவன் ஓடிய ஓட்டத்தைச் சொல்லத்தான் வேண்டும். அங்கே விளக்கேற்றி முடிந்ததும் விளக்கு வாகனத்தை யாரோ தேநீருக்கு மறித்துவிட்டார்கள், முடிவிடம் வரைக்கும் இனி விளக்கேற்றலும் இல்லை. அதனால் அவனைத் தடுக்க உலகத்தில் ஒன்றும் இருக்கவில்லை. பாலத்தில் எதிர்க்காற்று நெஞ்சில் அடிக்க, தலையைக் குனிந்துகொண்டு அவன் போனான். ஆட்டோவே அவனுக்குப் பின்னால்தான் வந்தது. யூட்சன் பாதி உடம்பை வெளியே நீட்டி, தொண்டை அடைக்கக் கத்திக்கொண்டே வந்தான். அவன் கண்ணிலிருந்து வழிந்தது காற்றால் வந்த நீர் மட்டுமில்லை.

கிழக்கு வெளுக்கும்போது குறிகட்டுவான் தெரிந்தது. முடிவுக்கோட்டில் சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். பின்னால் வேறு அணி கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இல்லை. யூட்சன் கம்சாயினிக்கு ரெலிபோன் எடுத்தான்.

“கம்சா, வெண்டிட்டம். தம்பி நாடாவுக்குக் கிட்டப் போயிட்டான்.”

அந்தப் பக்கத்தில் அவள் அழுவது கேட்டது. “கடவுளே,” என்று மட்டும் சொன்னாள்.

அப்போதுதான் விதுசன் நின்றான். நாடாவுக்கு முன்னால், கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றான். பரராசசிங்கம் இரண்டு கைகளையும் விரித்து வழியை மறித்துக்கொண்டிருந்தார்.

“பிரதம விருந்தினர் இன்னும் வரவில்லை. அவர் வராமல் முடிவு வரமுடியாது.”

பிரதம விருந்தினர் கொழும்பிலிருந்து வந்து நயினாதீவில் தங்கியிருந்தார். அவரை எழுப்பி, குளிக்கவைத்து, கோயிலுக்குக் கூட்டிப்போய், படகில் கொண்டுவர ஆள் போயிருக்கிறதாம். விதுசன் நாடாவுக்கு முன்னால் நின்றான். யூட்சன் ஆட்டோவிலிருந்து குதித்து ஓடிவந்தான். “தாண்டடா!” என்று கத்தினான். “ஒரு அடி வை!” விதுசன் அவனைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கடலில் ஒரு வெள்ளைப் படகு வந்துகொண்டிருந்தது. தார்ப்பாய் இல்லாமல் அந்தப் படகை யூட்சன் அன்றுதான் பார்த்தான். அழகாகத்தான் ஓடியது. அலையில் கொஞ்சமும் தூக்கிப் போடவில்லை. உள்ளே படுக்கையில், முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்தபடி பிரதம விருந்தினர் இருந்தார்.

அவர் இறங்கினார். பாண்ட் வாசித்தது. அவர் கழுத்தில் மாலை விழுந்தது. பரராசசிங்கம் விதுசனின் தோளைத் தொட்டு மெதுவாக ஏதோ சொன்னார். விதுசன் தலையாட்டினான்.

“விது, குடுக்காதை!” என்றான் யூட்சன்.

விதுசன் கொடுத்தான். இரண்டு கைகளாலும், குனிந்து, மரியாதையாகக் கொடுத்தான். பிரதம விருந்தினர் ஒரு கையில் கோலும் மறுகையில் ரெலிபோனுமாக, பேசிக்கொண்டே நடந்து நாடாவைத் தாண்டினார். நாடா தன் நெஞ்சில் சிக்கியதை அவர் கவனிக்கவில்லை. யாரோ ஓடிவந்து எடுத்துவிட்டார்கள்.

பிறகு பரராசசிங்கம் முடிவை அறிவித்தார். அவருடைய குரல் உண்மையாகவே தழுதழுத்தது.

“கோலோடு எல்லையைக் கடந்தவர் எவரோ, அவர் சார்ந்த அணியே வென்ற அணி. விதி எல்லோருக்கும் ஒன்றே. பிரதம விருந்தினர் எமது சம்மேளனத்தின் போஷகர். ஆகவே நாம் சற்றும் எதிர்பாராத இந்த வெற்றியைச் சம்மேளனம் மிகுந்த பணிவோடு ஏற்றுக்கொள்கிறது. நெடுந்தீவு அணியினர் தமது கோலை எல்லைவரை கொண்டுவராத காரணத்தால் அவர்கள் போட்டியை நிறைவு செய்யவில்லை. இருந்தும் நாங்கள் பாகுபாடு காட்டுபவர்கள் அல்ல. அவர்களுக்கும் பொன்னாடை உண்டு.”

கடைசியாக இன்னோர் அறிவித்தலும் இருந்தது. சம்மேளனத்தின் நெடுந்தீவு இணைப்பாளராக விதுசன் நியமிக்கப்படுகிறார். பிரதம விருந்தினர் அவனுடைய கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிவிட்டார். அவன் உடம்பில் இன்னும் ஓடிவந்த வேர்வை காயவில்லை. ஆனால் அட்டையில் அவன் கழுத்துக்கு ரை கட்டி, தலை வாரி, ஸ்ரூடியோவில் எடுத்த படம் இருந்தது.

யூட்சன் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். “எப்ப படம் எடுத்தனீ?”

“அத்தான், உள்ளுக்கை எங்கடை ஆள் ஒருத்தன் இருந்தால்தான் படகு எங்கடை பக்கம் வரும். அக்காவுக்காகத்தான்…”

“எப்ப எடுத்தனீ?”

விதுசன் அட்டையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான். “போன மாதம்,” என்றான். 

படகை வேறு யாராவது ஏமாற்றி எடுத்திருந்தால் யூட்சன் சண்டை போட்டிருப்பான். இதற்கு யாரோடு சண்டை போடுவது? அவன் நிலத்தில் இருந்துவிட்டான். யாரோ வந்து அவன் தோளில் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

கம்சாயினி கோபிக்கவில்லை, அழவும் இல்லை. “அவனாய்த்தான் குடுத்தவனோ?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். ஓம் என்றான் யூட்சன். அதற்குப் பிறகு அவள் இரவில் தூங்குவதை மறுபடியும் நிறுத்திவிட்டாள். யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீட்டில் போய் முன்கூட்டியே தங்குவதென்று தீர்மானித்தார்கள். உடுப்பும் கட்டியாயிற்று. வலி அதற்கு முன்னரே வந்துவிட்டது.

காலைப் படகு போய்விட்ட நேரம். மாவிலித்துறைக்கு ஆட்டோவில் கொண்டுவந்தபோது அங்கே வெள்ளைப் படகு நின்றது. யூட்சனுக்குக் கண்ணை நம்ப முடியவில்லை. அஞ்சலோட்டத்தின் வெற்றியை நினைவுகூரும் கல்லை நெடுந்தீவில் நாட்டுவதற்குச் சம்மேளனம் வந்திருந்தது. படகின் பக்கத்தில் ‘நெடுந்தீவு’ என்ற சொல்லின்மேல் சம்மேளனத்தின் இலச்சினை ஒட்டப்பட்டிருந்தது. ‘நோயாளர் சேவை’ மட்டும் மிச்சம் இருந்தது.

யூட்சன் உள்ளே எட்டிப் பார்த்தான். படுக்கையில் ஆளுயரக் குத்துவிளக்கு படுத்திருந்தது. நெஞ்சிலும் காலிலும் பட்டி போட்டுக் கட்டி, கழுத்து வரைக்கும் போர்வை போர்த்தியிருந்தார்கள். அன்னத்துக்குக் கீழே தலையணை இருந்தது. தலைமாட்டில் விதுசன் இருந்து அதை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

“ஐயா, வலி வந்திட்டுது. இப்பவே அக்கரைக்குக் கொண்டுபோக வேணும்,” என்றான் யூட்சன்.

பரராசசிங்கம் கம்சாயினியைப் பார்த்துக் கவலைப்பட்டார். கவலை பொய்யில்லை. “எனக்கு விளங்குது தம்பி. ஆனால் இது நோயாளர் படகு. பிள்ளைப்பேறு ஒரு நோய் இல்லை, அது மங்கல காரியம். மங்கலமாய்ப் போற ஆளை இதிலை ஏத்தினால் நாளைக்குச் சனம் எங்களைத்தான் பேசும். மற்றது, படகு இன்னும் முறைப்படி திறந்துவைக்கேல்லை.”

“விளக்குக்கு என்ன வருத்தம்?” என்று கேட்டார் செபமாலை. அவர் ஏற்கெனவே தன் வள்ளத்தின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“அது பித்தளை. கடல் ஆட்டத்துக்கு விழுந்தால் அன்னத்தின்ரை கழுத்து போயிடும். ஏற்கெனவே ஒருக்கா ஒட்டினது.”

விதுசன் எழும்பினான். அவன் முகம் வெளிறியிருந்தது. “அக்கா, கொஞ்சம் பொறு. நான் ஐயாவோடை கதைக்கிறன்.”

கம்சாயினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். “நீ எழும்பாதை,” என்றாள். “விளக்கைப் பிடி. விழுந்திடும்.”

செபமாலையின் வள்ளத்தில், மீன் மணத்துக்கு நடுவில், முன்பு எந்த இடத்தில் படுத்தாளோ அதே பலகையில் அவள் மறுபடியும் படுத்தாள். கடல் முழுவதும் யூட்சனின் மணிக்கட்டை விடாமல் பிடித்திருந்தாள். பாதிக் கடல் வந்தபோது அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். யூட்சனும் மூடிக்கொண்டான். செபமாலை மட்டும் கண்ணைத் திறந்துவைத்து வள்ளத்தை ஓட்டினார்.

அந்தப் பிள்ளை பொறுத்திருந்தது. குறிகட்டுவானில் வள்ளம் கட்டி, ஆட்டோ பிடித்து, ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிய பிறகுதான் பிறந்தது. பெண் பிள்ளை. நல்ல குரல்.

மறுநாள் விதுசன் வந்தான். கழுத்தில் அட்டை இல்லை, கழற்றிச் சட்டைப்பையில் வைத்திருந்தான். நாடா வெளியே தொங்கியது. சம்மேளனம் தாய்க்கென்று அனுப்பிய பொன்னாடை ஒன்றும் கையில் இருந்தது. அதைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்துவிட்டு, பிள்ளையைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அது நடிப்பில்லை என்று யூட்சனுக்கே தெரிந்தது.

“அக்கா, ஒருக்காத் தாவன், தூக்கிப் பாக்க,” என்று இரண்டு கைகளையும் நீட்டினான்.

கம்சாயினி பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். நீட்டிய அந்தக் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“உன்ரை கையிலை தரமாட்டன்,” என்றாள். “நீ கொண்டுபோய் ஆரிட்டைக் குடுப்பியோ தெரியாது.”